காகா வீட்டு வாளின் கைப்பிடி

அறுபதைத் தாண்டியவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். இளையவர்கள் படித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் படிக்க மாட்டார்கள். என் மகனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. ஹைதராபாத்திலிருந்து வாரம் ஒருமுறை போன் செய்து, சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று இரண்டு கேள்வி தமிழில் கேட்டுவிட்டு ஹிந்திக்குத் தாவிவிடுவான். மராட்டியர் ஊரான நிக்டியில் இந்த மூன்றாம் மாடி வீட்டில் நான் நாள் முழுக்கத் தமிழில் பேசுவது பிரஷர் குக்கரோடுதான். அதனால் நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

உங்களில் யாராவது பக்கத்துக் கட்கியில் வளர்ந்திருந்தால் போங்கா என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன், அது தொழிற்சாலைச் சங்கு. காலையில் அது ஊதினால் எங்கள் குவார்ட்டர்ஸ் லைன் முழுக்க சைக்கிள் மணி கேட்கும். சாயங்காலம் ஊதினால் எல்லா வீட்டிலும் டீத் தண்ணீர் அடுப்பில் ஏறும். அம்மா இறந்த வருஷம் எங்கள் வீட்டில் மட்டும் ஏறவில்லை. அந்த வருஷத்து மழையில் தொடங்கி தசரா வரைக்குமான நான்கு மாதத்தைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அப்போது பத்து வயது.

முதலில் அப்பாவின் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். காலிக் குண்டுகளில் மருந்து நிரப்புகிற பகுதியில் பல வருஷம் இருந்துவிட்டு, பிறகு ஃபிட்டர் ஆனவர். நிரப்பும் முன் ஒவ்வொரு காலிக் குண்டையும் தலைகீழாகக் கவிழ்த்து மரப்பலகையில் மூன்று தட்டுத் தட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். உள்ளே ஒரு மணல் துணுக்கு இருந்தாலும் ஆளைக் கொன்றுவிடும். பகுதி மாறியும் அந்தக் கை மாறவில்லை. தண்ணீர் ஊற்றும் முன் டம்ளரைக் கவிழ்த்து மூன்று தட்டு. என் சாப்பாட்டு டப்பாவுக்கு மூன்று. மழைக்கால பூட்ஸுக்கு மூன்று. தட்டாமல் எதையும் நிரப்பி நான் பார்த்ததில்லை. "ஏன், டம்ளருக்குள்ள பாம்பா படுத்துக்கினு இருக்குது?" என்று அம்மா கேட்பாள். அப்பா சிரிக்காமல் இன்னொரு தரம் தட்டுவார், அவளைச் சீண்டுவதற்காகவே.

அம்மாவின் மூக்குத்தி ஒற்றைக் கல் வைத்தது. திருகின் மரை தேய்ந்து, முகம் கழுவும்போதெல்லாம் கழன்று விழும். அவள் திருகில் பஞ்சு நூலைச் சுற்றிப் போட்டுக்கொள்வாள். தொழிற்சாலையில் மயிரிழை பிசகாமல் மரை போடுகிறவர் அப்பா. "ஞாயித்துக்கிழம பாத்துடலாம்" என்பார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போயிற்று. ஏப்ரலில் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் அம்மா இறந்தபோது, ஆஸ்பத்திரியில் அதை ஒரு காகிதத்தில் மடித்து அப்பாவின் கையில் கொடுத்தார்கள். நூல் அப்படியே சுற்றியிருந்தது. அப்பா அதை இரும்பு டிரங்குப் பெட்டியில் அம்மாவின் புடவைகளுக்கு நடுவில் வைத்தார். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. டக் டக் டக் என்று டம்ளர் தட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது, அதைக் கிண்டல் செய்ய ஆளில்லை.

ஜூனில், மழையோடு, குடியாத்தத்திலிருந்து அத்தை வந்து சேர்ந்தாள். அப்பாவின் அக்கா, கணவனை இழந்தவள். வந்த மறுநாளே அடுப்படியில் டப்பாக்களின் இடத்தை மாற்றினாள். என் தலையில் எண்ணெயைக் கொட்டி இழுத்துப் பின்னினாள். அவள் வைத்த ரசம் அம்மாவின் ரசத்தைவிட நன்றாக இருந்தது, அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அநியாயம்தான். பத்து வயதில் நான் நியாயஸ்தி இல்லை.

கணபதி வந்து போன வாரத்தில் எதிர் லைன் காகா வாளைக் கொண்டுவந்தார். சித்தப்பா, மாமா என்று நாம் கூப்பிடுவதுபோல மராட்டியில் காகா. பெரிய மீசை, சின்னக் குரல். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் குதிரைமேல் இருந்து சுழற்றிய வாள் என்பார்கள். வருஷம் முழுக்கப் பெட்டியில் கிடக்கும். நாம் ஆயுத பூஜை செய்கிற அதே நவமி அவர்களுக்குக் கண்டே நவமி. அன்று அதை வெளியே எடுத்துக் கழுவி, செண்டுப்பூ மாலை போட்டுக் கும்பிடுவார்கள். அந்த வருஷம் எடுத்துப் பார்த்தால் பிடி ஆடியது. விரல்களை மூடுகிற வளைவும் ஒரு பக்கம் உடைந்திருந்தது. ஆடுகிற வாளை சாமி முன் வைக்கக் கூடாது, நவமிக்குள் சரி செய்து தர வேண்டும் என்று கேட்டார். அப்பா தலையாட்டிவிட்டு, செய்து தருகிறேன் என்று சொன்னார். அம்மா போன பிறகு அவர் யாரிடமாவது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் உடைந்த மராட்டியில்.

முழுப் பிடியும் இரும்பு. உச்சியில் தட்டுப் போல ஒரு வட்டம், அதில் தேய்ந்துபோன வெள்ளிப் பூ வேலை. எனக்கு அதை மோந்து பார்க்கப் பிடிக்கும். பழைய சாவிக்கொத்து வாசனை அடித்தது. அப்பா தினமும் வேலையிலிருந்து வந்ததும் அதை மடியில் போட்டுக்கொண்டு திருகைத் தேடினார். எங்கேயோ ஒரு திருகு, இல்லாவிட்டால் ஓர் ஆணி இருந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினார், மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் தேடினார். இரண்டு வாரம் போயிற்று. அம்மாவின் இத்துனூண்டு திருகுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்காதவர், ஊரான் வீட்டு வாளுக்கு மாலை மாலையாய் உட்கார்ந்தார். எனக்குக் கோபமாக வந்தது. இப்போது யோசித்தால், அவருக்குக் கைக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

கடைசியில் கண்டுபிடித்தது அத்தை. ஈரம் காயட்டும் என்று அப்பா பிடியைக் கரியடுப்பின் ஓரத்தில் வைத்திருந்தார். அத்தை மூக்கைச் சுளித்தாள்.

"இன்னாடா இது, ஆசாரி வூட்டு வாசன வருது? வளையலுக்குள்ள அரக்கு ஊத்துவாங்களே, அதே வாசன."

அப்பா பிடியைத் தூக்கிப் பார்த்தார். வாள் நுழைகிற இடத்தில் கறுப்பாய் ஒரு சொட்டு நின்றது. திருகும் இல்லை, ஆணியும் இல்லை. பிடிக்குள் அரக்கை நிரப்பி, பிடிக்குள் போகிற வாளின் வாலைச் சுட வைத்து உள்ளே இறக்கியிருக்கிறார்கள். ஆறினால் கல். சுட்டால் குழம்பு. இரும்பைத் தவிர வேறெதையும் நம்பாத அப்பா அந்தச் சொட்டை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். அம்மா இருந்திருந்தால் அன்று அவரை ஓட்டி எடுத்திருப்பாள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. அலகுக்குச் சூடு ஏறினால் பதம் போய்விடும் என்று ஈரச் சாக்கைச் சுற்றினார். பிடியை மட்டும் தணலில் காட்டித் திருப்பித் திருப்பி இழுத்தார். உருவிக்கொண்டு வந்தது. உள்ளே இருந்த பழைய அரக்கைச் சுரண்டி எடுத்தார். உடைந்த வளைவைப் பித்தளை ஆணி அறைந்து சேர்த்தார். ரவிவார் பேட்டைக்குப் போய்ப் புது அரக்கு வாங்கி வந்தார். அதோடு செங்கல் பொடி கலந்தால்தான் இறுகும். அத்தை செங்கலை உரலில் இடித்து, வெள்ளைத் துணியில் மூன்று தரம் சலித்தாள். அவள் முழங்கை வரை சிவப்பாக இருந்தது.

நடுவில் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஆம்பூரில் ஒரு பெண் இருக்கிறாள், வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று அத்தை அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா பதில் சொல்லவில்லை. சின்ன வயதில் தன்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காவிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. பேசாமல் இருப்பதை அத்தை சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, ஊரே அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் மூக்குத்தியைப் பற்றிச் சொன்னாள். மூத்தவளுடைய நகை ஏதாவது ஒன்று இளையவள் உடம்பில் ஏறினால்தான் மூத்தவள் மனம் குளிருமாம், எங்கள் பக்கத்தில் அப்படித்தானாம். அந்த மூக்குத்தியைப் புது மரை போட்டு, வருகிறவளுக்குப் போட்டுவிட வேண்டும்.

நான் கொல்லைப்புறம் போய் நின்றேன். அழுகை வரவில்லை. முகம் தெரியாத ஒரு பெண்ணின் மூக்கில் அம்மாவின் கல் மினுங்குவது மட்டும் தெரிந்தது. அவளுக்கென்று புது மரையும் போடுவார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா வெளியே தணல் மூட்டிக்கொண்டிருந்தார். அத்தை அடுப்படியில். பிடி வாய் மேலாக, மணல் நிரப்பிய டால்டா டப்பாவில் நட்டிருந்தது. நான் பூட்டாமல் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதத்தைப் பிரித்தேன். நூல் சுற்றிய திருகோடு அதைப் பிடிக்குள் போட்டுவிட்டுக் காகிதத்தை மடித்து மறுபடி புடவைக்கு நடுவில் வைத்தேன். திருட்டில் எனக்குக் கொஞ்சம் திறமை இருந்திருக்க வேண்டும். என் கணக்கு சுலபமானது. அரக்கு ஆறினால் கல், சுட்டால் குழம்பு. கல்யாணப் பேச்சு ஓய்ந்ததும் அப்பாவிடம் சொன்னால் சுட்டு எடுத்துத் தந்துவிடுவார். வாள் எங்கள் வீட்டு வாள் இல்லை என்பது ஏனோ எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பா வந்தார். பிடியை மணலிலிருந்து எடுத்தார், லேசாகச் சாய்த்தார். உள்ளே ஏதோ சின்னதாக உருண்டது. அவர் அதைக் காதருகே கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். நான் அவருடைய கால் பெருவிரலைப் பார்த்தேன். பிடியை மறுபடி மணலில் நட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அரக்குப் பொடியை நிரப்பினார். வாளின் வால் தணலில் சிவந்திருந்தது. அதை இடுக்கியால் பிடித்து நேராக உள்ளே இறக்கினார். குப்பென்று புகை கிளம்பி மூவருக்கும் இருமல் வந்தது. வாளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஆறும்வரை அசையாமல் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். புகையில் அவர் கண் கலங்கியது என்று நினைத்தேன்.

அஷ்டமியன்று காகா வந்து வாளை வாங்கிக்கொண்டு போனார். பிடியைப் பற்றி உலுக்கிப் பார்த்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது, பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நவமியன்று எதிர் லைனில் மாலை போட்ட வாளுக்கு மணியடித்தார்கள். துக்க வருஷம் என்பதால் எங்கள் வீட்டில் பண்டிகை இல்லை. அப்பாவின் சுத்தியலும் அரமும் பொட்டில்லாமல் மூலையில் கிடந்தன. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா அங்கே மாலை போட்டுக்கொண்டு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை, இந்த மூன்றாம் மாடியில்கூட.

தசராவன்று பெங்களூரிலிருந்து மாமா, அம்மாவின் தம்பி, என்னைப் பார்க்க வந்தார். லைனில் பிள்ளைகள் ஆப்டா மரத்து இலைகளைத் தங்கம் என்று சொல்லி வீடு வீடாய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அது வழக்கம். என் பாவாடை மடி நிறைய இலை. மாமா காப்பி குடித்துவிட்டு அப்பாவிடம் மெதுவாக ஆரம்பித்தார். கல்யாணப் பேச்சு அவர் காதுக்கும் போயிருந்தது.

"அக்கா மூக்குத்திய பாப்பாவுக்குன்னு தனியா வச்சிடுங்க மாமா. எங்க இருக்குது?"

அத்தை டிரங்கைத் திறந்து காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பிரித்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக உதறினாள். மாமா பெட்டியைப் பார்த்தார், பெட்டிச் சாவி தொங்கிய அத்தையின் இடுப்பைப் பார்த்தார், அப்புறம் காலி டம்ளரைப் பார்த்தார். அத்தை தன் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மடியில் ஆப்டா இலை. நான் ஓர் இலையை எடுத்து அத்தையிடம் நீட்டினேன், எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

மாமா மறுநாள் வண்டி ஏறினார். அத்தை உடனே போகவில்லை. இன்னும் இரண்டு நாள் இருந்தாள். முன்னைவிட அதிகமாகச் சமைத்தாள். அப்பாவுக்குச் சாதம் போட்டுவிட்டு, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் எதிரிலேயே நின்றாள். அவர் சாப்பிட்டு எழும்வரை நின்றாள். போகவும் மனமில்லை, ஒப்புக்கொள்ளவும் மனமில்லை, என்ன பிடிவாதம் என்று நான் நினைத்தேன். ஆமாம், திருடியவள் நான், நினைத்ததும் நான்தான். மூன்றாம் நாள் மாலையில் டம்ளரைக் கவிழ்த்துத் தட்டித் தண்ணீர் குடித்துவிட்டு அப்பா அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். ஆம்பூர்ப் பேச்சு அதோடு நின்றது. அப்பா கடைசிவரை வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் அவரும் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில், பிறகு பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். மூக்குத்தி என்ற சொல் எங்களுக்குள் வரவே இல்லை. அவர் இறந்தபோது அத்தை வந்து முகம் பார்த்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள்.

அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் போன வருஷம் வரை நம்பினேன். அரக்குத் துணுக்கு உருளுவதாக நினைத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவைத்திருந்தேன்.

போன தசராவுக்குக் காகாவின் மகன் கூப்பிட்டான். அவனும் இப்போது தாத்தா. கட்கி வீடு போய், ஹடப்சரில் பதினோராவது மாடியில் இருக்கிறார்கள். டிவிக்குக் கீழே பட்டுத் துணியில் அந்த வாள். உன் அப்பா கை வைத்தது, இத்தனை வருஷத்தில் இம்மி அசையவில்லை என்று சொல்லி என் கையில் கொடுத்தான். கனமாக இருந்தது. பித்தளை ஆணி மஞ்சளாகத் தெரிந்தது. காதருகே வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. சுட்டால் குழம்பு, எடுத்துவிடலாம். கேட்டால் அவன் மறுக்க மாட்டான். ஆனால் அப்பா அவ்வளவு நேரம் அசையாமல் நின்று ஆற வைத்ததை ஆட்டிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் மருமகள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து, சொம்பையும் டம்ளரையும் வைத்துவிட்டுப் போனாள். டம்ளரை எடுத்து, என்னை அறியாமல் கவிழ்த்து மேசையில் மூன்று தட்டுத் தட்டினேன். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டு எத்தனையோ காலம் ஆயிற்று. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பிடியைக் கவிழ்க்கவில்லை. டம்ளரைத் தட்டியவர், பூட்ஸைத் தட்டியவர், உள்ளே ஏதோ உருண்டதைக் காதால் கேட்ட பிறகும், கவிழ்க்காமல், தட்டாமல் நிரப்பினார்.

நிக்டிக்குத் திரும்பியதும் குடியாத்தத்துக்குப் போன் போட்டேன். அத்தைக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது, காது மட்டும் கணீரென்று கேட்கும். வாளைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். பிடி ஆடுகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"எப்படி ஆடும்? செங்கல்ல மூணு தரம் சலிச்சவ நானாச்சே."

அப்புறம் சொன்னேன். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, குக்கருக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னேன்.

"அத்தை, அந்த மூக்குத்திய அதுக்குள்ள போட்டது நான்தான்."

"தெரியும் கண்ணு."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? அடுப்படியில காத வச்சிக்கினுதான் இருந்தேன். அவன் மூணு தட்டு தட்டுவான், அப்பறம் போய்ப் பாக்கலாம்னு. தட்டவே இல்ல. என்னிக்கும் தட்டறவன் ஏன் தட்டலன்னு, பெட்டியில அது இல்லன்ன அன்னிக்குத்தான் புரிஞ்சிது."

அப்படியானால் மாமாவிடம் ஏன் சொல்லவில்லை அத்தை, ஏன் பழியைச் சுமந்துகொண்டு போனாய் என்று கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன்.

"உங்கப்பன் வாயத் தொறந்து சொல்லுவான்னு மூணு நாள் இருந்தேனே, கண்ணு."